பூச்சாடித் தண்ணீரை மோந்து பாருங்கள்

வணக்கம். உங்கள் மேசைமேல் இப்போது ஒரு பூச்சாடி இருந்தால், எழுந்து போய் அதன் தண்ணீரை ஒரு தடவை மோந்து பாருங்கள். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், காதில் விழும். பூவை மோந்து பார்க்கச் சொல்லவில்லை, தண்ணீரை. லேசாக அழுகல் வாடை வந்தால், உங்கள் பூக்கள் தாகத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். சாடி நிறையத் தண்ணீர் இருக்கும், ஆனாலும் தாகம்தான்.

கொய்மலர்களோடு, அதாவது நீளக் காம்போடு வெட்டிக் கொத்தாகக் கட்டித் தருகிறார்களே, அந்தப் பூக்களோடு பல வருடமாகப் புழங்குகிறவள் நான். என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. "வாங்கி இரண்டே நாளில் தலை தொங்கிவிட்டதே, பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டார்களா?" சில சமயம் அப்படியும் நடக்கும். ஆனால் பெரும்பாலும் காரணம் நம் வீட்டுச் சாடியில்தான் இருக்கிறது.

வெட்டிய பூ செத்த பூ கிடையாது. இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது மூச்சு விடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, சில பூக்கள் வளரக்கூடச் செய்கின்றன. துலிப் பூக்களை ஒரு சாடியில் ஒரே மட்டத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும், எல்லாமே சன்னல் பக்கம் கழுத்தை வளைத்திருக்கும். வெட்டிய பிறகும் அதன் தண்டு ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். செத்தது வளருமா?

உயிர் இருக்கிறது, வேர் மட்டும் இல்லை. அதனால் தண்டுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள்தான் அதற்கு எல்லாம். ஸ்ட்ராவில் குடிக்கும்போது நடுவில் காற்று புகுந்தால் உறிஞ்ச வராதல்லவா, அதே கதைதான். காம்பை வெட்டி வெளியில் வைத்தவுடன் அந்தக் குழாய்களுக்குள் காற்று ஏறிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அடிக்காம்பில் இரண்டு விரற்கடை அளவு மறுபடி வெட்டச் சொல்வது இதனால்தான். முடிந்தால் ஒரு வாளித் தண்ணீருக்குள் காம்பை முக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். கூர்மையான கத்தி வேண்டும், மொண்ணைக் கத்தரிக்கோல் வெட்டாது, நசுக்கும்.

அடுத்த எதிரி பாக்டீரியா. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் இலை அழுகும், அழுகினால் கிருமி பெருகும், கிருமி குழாய் வாயை அடைக்கும். ரோஜாவின் தலை திடீரென்று தொங்குகிறதே, பூ முழுசாக விரியாமலே? அதற்கு வயதாகவில்லை, தொண்டை அடைத்திருக்கிறது. சூரியகாந்தி மாதிரி வட்டமாக விரியும் ஜெர்பராவுக்கு இது இன்னும் மோசம். மென்மையான, ரோமம் அடர்ந்த தண்டு அது. சாடியிலிருந்து எடுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று ஒரு பாசிபோல ஒட்டும். அதனால் ஜெர்பராவுக்கு நாலு விரல் தண்ணீர் போதும், கழுத்தளவு ஊற்ற வேண்டாம்.

தண்ணீரில் சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். வெறும் சர்க்கரை போட்டால் பூவுக்கு முன்னால் கிருமிதான் சாப்பிடும். கடையில் தருகிற பொட்டலத்தில் சர்க்கரையோடு கிருமியைத் தடுக்கும் மருந்தும், கொஞ்சம் அமிலமும் சேர்ந்திருக்கும். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள், அது எதற்கும் உதவாது. பொட்டலம் இல்லையா, சரி, தினமும் தண்ணீரை மாற்றுங்கள், சாடியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பூவுக்கு வருகிறேன். கார்னேஷன், இதழ் ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருக்குமே, அந்தப் பூ. மலிவான பூ, பெரிய பூவுக்கு நடுவே இடத்தை நிரப்புகிற பூ என்று பலருக்கு அதன்மேல் ஓர் அலட்சியம் உண்டு. எனக்கு அதில் வருத்தம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விருந்துக்காக வெள்ளை கார்னேஷன் கொத்துகளை முந்தின நாள் இரவே தயார் செய்து ஓர் அறையில் வைத்துப் பூட்டினோம். காலையில் திறந்தால் பாதிப் பூக்கள் இதழை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் கைவிரல் மாதிரி மூடிக் கிடந்தன. தண்ணீரில் குறை இல்லை, காம்பிலும் குறை இல்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது, அதே அறையின் மூலையில் பழுத்த பழங்கள் கூடை கூடையாக இருந்தன. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பழத்தைப் பழுக்க வைப்பதும், பூவை முதுமையடையச் செய்வதும் அந்த வாயுதான். கார்னேஷனால் அதைத் தாங்கவே முடியாது. ஆகவே பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூச்சாடியை வைக்காதீர்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், பூவுக்கு ஆகாது.

இந்த இதழ் மூடுவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்று ஓர் ஊர். 1908 மே 10 அன்று அங்கே ஒரு தேவாலயத்தில் அம்மாக்களைப் போற்றும் வழிபாடு ஒன்று நடந்தது. அதற்கு 500 வெள்ளை கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தவர் ஆன்னா ஜார்விஸ். மூன்று வருடத்துக்கு முன் காலமான அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ அது. கார்னேஷன் வாடும்போது இதழ்களை உதிர்ப்பதில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வாடுகிறது, தாயின் அன்பும் அப்படித்தான் என்பது அவர் சொன்ன விளக்கம். பாருங்கள், அன்று காலை அந்த அறையில் நான் பார்த்ததும் அதுதானே! எத்திலீன் என்று நான் சொல்கிறேன், அணைப்பு என்று அவர் சொன்னார். அந்தப் பூவை அவர் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்!

1914-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் அன்னையர் தினத்தை அறிவித்தார். நாள் பரவியது, வியாபாரமும் பரவியது, மே மாதம் வந்தால் வெள்ளை கார்னேஷன் விலை ஏறியது. வெள்ளைப் பூ போதாமல் போகவே, அம்மா உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை என்ற வழக்கத்தைப் பூ வியாபாரிகள் பரப்பினார்கள். ஜார்விஸ் கொதித்துப்போனார். தான் தொடங்கிய நாளின் வியாபாரத்தை எதிர்த்தே மீதி வாழ்நாளைக் கழித்து, 1948-ல் கையில் காசில்லாமல் ஒரு காப்பகத்தில் இறந்தார். பூவை விற்றுப் பிழைக்கிறவள் நான், இருந்தும் இந்த விஷயத்தில் என் மனசு அவர் பக்கம்தான்.

அதே கார்னேஷன் 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பன் தெருக்களில் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் ஏறியது. அன்று போர்ச்சுகலில் சர்வாதிகாரம் வீழ்ந்தது, அந்தப் புரட்சிக்கே பூவின் பெயர் வந்துவிட்டது. பூ அதே பூதான், பொருள் நாம் கொடுப்பது. சாமந்தி ஜப்பானில் அரச முத்திரை, பிரான்சில் கல்லறைக்கு எடுத்துப்போகும் பூ. அயல்நாட்டு நண்பருக்குக் கொத்து அனுப்புமுன் இதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பூர்வீகத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஓடிவிட்டது. ஹாலந்துப் பூ என்று நாம் நினைக்கும் துலிப், மத்திய ஆசிய மலைகளிலிருந்து துருக்கி வழியாக அங்கே போனது. அங்கே கண்டபடி ஏறியிருந்த விலை 1637-ல் சரிந்து பலரைக் கலங்கடித்ததே, அந்தக் கோடு போட்ட துலிப், அதன் கோடுகள் அசுவினிப் பூச்சி பரப்பிய வைரஸ் நோயால் வந்தவை. ஜெர்பரா தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதிக் காட்டுப்பூ. ஒரே நீளத் தண்டில் வரிசையாகப் பூக்கும் கிளாடியோலஸ் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு லத்தீனில் சிறு வாள் என்று அர்த்தம், கீழ்மொட்டு முதலில் விரியும், வாடியதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் மேல் மொட்டும் விரியும்.

ஒன்றே ஒன்று மட்டும் விட முடியாது. லில்லி. அது விரிந்ததும் நடுவில் தொங்கும் பழுப்பு மகரந்தப் பைகளை மெல்லிய தாள் ஒன்றால் பிடித்துக் கிள்ளிவிடுங்கள். துணியில் பட்டால் தண்ணீர் தொடாமல் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். ஆனால் வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். இலை, இதழ், மகரந்தம், அது நிற்கும் சாடித் தண்ணீர்கூட, கொஞ்சம் வாயில் பட்டாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகும். பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பூனை வளர்ப்பவருக்குப் பூங்கொத்து அனுப்பும்போது, லில்லி வேண்டாம் என்று கடையில் மறக்காமல் சொல்லுங்கள். வணக்கம்.