வாசல் மரமும் மூன்றாவது கோடையும்

வணக்கம் நேயர்களே.

ஒரு குடியிருப்பில் மரம் நட்டதைப் பற்றிக் கேட்டால், நட்ட அன்றைய எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். ஐம்பது குழி, ஐம்பது கன்று. அவற்றில் மூன்றாவது கோடையைத் தாண்டி நிற்பவை எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. தெருவோரக் கன்றுக்கு முதல் மூன்று ஆண்டுகள்தான் கண்டம். அதைக் கடப்பதற்கு இரண்டு காரியங்கள் சரியாக அமைய வேண்டும். ஒன்று, வாசலில் குடியிருப்பவரின் சம்மதம். இன்னொன்று, வேர் மண்ணுக்குள் உட்கார்ந்த விதம்.

முதலில் சம்மதம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 2011 முதல் 2014 வரை, வீட்டு வாசலில் இலவசமாக மரம் நட்டுத் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்டீன் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் அவர்களிடம் போய்ப் பேசினார். மரத்தின் அருமை தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. எந்த மரம், எந்த இடம், யார் பார்த்துக்கொள்வது என்பதில் ஒரு வார்த்தை தங்களைக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுடைய மனக்குறை. முன்பு அதே தெருக்களில் நட்ட மரங்கள் பட்டுப்போய், பார்ப்பாரில்லாமல் நின்றதையும் அவர்கள் மறக்கவில்லை. நட்டவர்கள் போன பிறகு பாரம் தங்கள் தலையில்தான் விழும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது.

அதனால் குழிக்கு அடையாளம் போடுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வீடு வீடாகப் போங்கள். துண்டறிக்கை போட்டுவிட்டு வருவது போதாது. ஆட்கள் வீட்டில் இருக்கும் மாலை நேரமாகப் பாருங்கள். கையில் மூன்று நான்கு மரங்களின் படம் இருக்கட்டும். கன்றின் படத்தை விட்டுவிட்டு, வளர்ந்த மரத்தின் படத்தைக் காட்டுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து வாசலில் நிற்கப்போவது அதுதானே. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, தரையடித் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் எங்கே போகின்றன, உதிர்கிற இலையை யார் பெருக்குவார், குழாயிலிருந்து குழிவரை எத்தனை மீட்டர் என்று கேட்டு, வீட்டு எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெயர்ப்பலகை மறையும் என்று தயங்கினால் அதை அற்பக் கவலை என்று ஒதுக்க வேண்டாம். குழியை இரண்டு மீட்டர் நகர்த்தினால் தீர்கிற விஷயம் அது. நகர்த்தாமல் விட்டால், இரண்டே ஆண்டில் கிளைகள் மொட்டையாகிவிடும். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன வாசலில் நடவே நடாதீர்கள். பக்கத்து வாசலில் மரம் தழைப்பதைப் பார்த்துவிட்டு அவரே ஒருநாள் கேட்கக்கூடும்.

வாடகைக்குக் குடியிருப்பவர் வீடு மாறிப் போகலாம். ஆகவே ஒரு மரத்துக்கு ஒரு வீடு என்று பொறுப்புக் கொடுக்காமல், இரண்டு வீடுகளைச் சேர்த்துக் கொடுங்கள்.

வேரைப் பற்றிய பயம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. வேர் நல்ல குழாயைத் தேடிப்போய் உடைப்பதில்லை. ஏற்கெனவே கசிகிற இணைப்பில் ஈரம் கண்டு உள்ளே நுழைகிறது, பிறகு பருத்து அடைக்கிறது. இதை விளக்கிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் போக, இடத்துக்கு ஏற்ற மரமாகப் பார்த்து வைக்க வேண்டியதுதான். ஆல், அரசு, அத்தி வகைகள் பூங்காவுக்கும் திறந்த மைதானத்துக்கும் உரியவை. குறுகலான நடைபாதைக்கு அவை ஆகாது. மின்கம்பிக்கு அடியில் மந்தாரை, பவழமல்லி போலச் சிறிய மரங்கள் போதும். புங்கமும் மகிழமும் தெருவுக்கு நல்ல மரங்கள். மகிழம் மெதுவாகத்தான் வளரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் ஆண்டிலேயே மனம் விட்டுவிடுவார்கள். நாவல் அருமையான நிழல்தான், ஆனால் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு மேலே வேண்டாம். பழம் விழுந்த கறை தினமும் ஒரு சண்டை.

தெரு முழுக்க ஒரே மரம் என்பது கண்ணுக்கு அழகு, நோய்க்கு விருந்து. வட அமெரிக்க நகரங்கள் தெருத்தெருவாக எல்ம் மரங்களை வைத்திருந்தன. 1930களில் வந்த பூஞ்சை நோய் அவற்றைக் கொண்டுபோனது. போன இடத்தில் பல ஊர்கள் மறுபடியும் ஒரே வகையாக ஆஷ் மரங்களை நட்டன. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு அவற்றையும் துளைத்துத் தீர்த்தது. ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்க மரவியலாளர் 1990இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு நகரத்து மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒரே பேரினம் 20க்கு மேல் வேண்டாம், பேரினங்கள் சேர்ந்த ஒரே குடும்பம் 30க்கு மேல் வேண்டாம். அது நகரம் முழுமைக்கும் உரிய கணக்கு. ஐம்பது மரம் வைக்கும் ஒரு தெருவில் ஆறேழு வகையாவது கலந்திருக்கட்டும்.

இனி கன்று. நர்சரியில் உயரமான கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். சின்னப் பையில் நெடுநாள் நின்று உயர்ந்த கன்றின் வேர், பையின் உட்சுவரைச் சுற்றிச்சுற்றி வளையமாகியிருக்கும். அந்த வளையம் மண்ணுக்குள் போனாலும் தானாக அவிழாது. பத்து ஆண்டு கழித்துத் தண்டும் வேரும் பருக்கும்போது அதே வளையம் தூரை நெரிக்கும். நன்றாக நின்ற மரம் காரணம் தெரியாமல் காய்வதும், காற்றில் அடியோடு சாய்வதும் பல நேரம் இதனால்தான். ஒரு பையை வெட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பையின் அடித்துளை வழியே வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

குழியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஆழமாகத் தோண்டினால் நல்லது என்ற நம்பிக்கை பலருக்கு. குழி அகலமாக இருக்க வேண்டும், ஆழமாக வேண்டியதில்லை. ஆழம் தாய்மண் கட்டியின், அதாவது பையில் வேரோடு சேர்ந்திருக்கும் மண்ணின், உயரம் மட்டும். அகலம் அதன் இரண்டு மூன்று மடங்கு. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முக்கால் மீட்டருக்குள்ளேதான் பக்கவாட்டில் ஓடுகிறது. அங்கேதான் அதற்குக் காற்று கிடைக்கும். குழியின் அடியை நன்றாகக் கிளறிவிட்டால் நீர் ஊற்ற ஊற்ற மண் அமுங்கி, கன்று கீழே இறங்கிவிடும்.

களிமண்ணில் மண்வெட்டி வழித்த குழிச்சுவர் பானை போல மழமழப்பாகிவிடும். கடப்பாரை நுனியால் சுவரைக் கீறிவிடுங்கள். குழியில் நீர் நிரப்பி, வடிந்தபின் மறுமுறை நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடம் வேரை அழுக வைக்கும். இடத்தை மாற்றுங்கள், அல்லது மேடாக்கி நடுங்கள். செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வந்தால் அகற்றிவிட்டு, வேறிடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். மற்றபடி, எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் தொழுவுரத்தைக் கொட்டி நிரப்பினால் வேருக்கு வெளியே போகும் வேலை இல்லாமல் போகிறது, உரம் மக்கும்போது கன்றும் புதைகிறது. எருவை மேலே தூவினால் போதும்.

தோண்டும் முன் மின்சாரம், குடிநீர், கழிவுநீர், எரிவாயு, தொலைபேசி ஆகிய ஐந்தும் எங்கே போகின்றன என்று உரிய அலுவலகங்களில் கேட்டு, அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடும் நாளில் ஐந்து பேருக்கு ஒரு கன்று, ஐந்தாறு கன்றுக்கு விவரம் தெரிந்த ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பையைக் கத்தியால் நெடுக்காகக் கிழித்து, தாய்மண் உடையாமல் எடுங்கள். சுற்றிய வேர் தெரிந்தால் கட்டியின் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள், அடியில் சுருண்டதை வெட்டிவிடுங்கள். அடுத்து, கட்டியின் மேல்மண்ணை விரலால் மெல்லச் சுரண்டுங்கள். தண்டு சற்றே விரிந்து முதல் பக்கவேர் பிரியும் இடம் தட்டுப்படும். நர்சரி மண் அதை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மூடியிருப்பது சகஜம். அந்த இடம் தரைமட்டத்தில் நிற்க வேண்டும், ஒரு விரல் உயர்ந்தாலும் தப்பில்லை. அது புதைந்தால் ஈரம் பட்டே பட்டை அழுகும், வேரும் மூச்சு முட்டும். ஒரு மூங்கிலைக் குழியின் குறுக்கே வைத்துப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும். பாதி மண் போட்டதும் நீர் ஊற்றி அமரவிட்டு, மீதியை நிரப்புங்கள். ஏறி மிதிக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் வெற்றுப் பைகளை எண்ணுங்கள். ஐம்பது நட்டால் சாக்கில் ஐம்பது பை இருக்க வேண்டும். நாற்பத்தெட்டுதான் என்றால் இரண்டு கன்றுகள் பையோடு மண்ணுக்குள் இருக்கின்றன. அன்றைக்கே தேடி எடுத்துவிடுங்கள்.

தானாக நிற்கும் கன்றுக்கு ஊன்றுகோல் தேவையில்லை. தேவைப்பட்டால் வேர்க்கட்டிக்கு வெளியே இரண்டு கோல் நட்டு, தண்டின் கீழ்ப்பாதியில் துணிப்பட்டையால் தளர்வாக, எட்டுப் போலக் கட்டுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். ஓராண்டில் கோலை எடுத்துவிட வேண்டும். இரும்புக் கூண்டு மாட்டினால் அதை அகற்றும் தேதியையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்த மரங்களைத் தெருக்களில் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

நீர்தான் பெரிய செலவு, பெரிய உழைப்பு. ஒரு கன்றுக்கு ஒரு தடவை 15 முதல் 20 லிட்டர். ஐம்பது கன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்பதை நடுவதற்கு முன்பே எண்ணிப் பார்த்துவிடுங்கள். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் முதலாண்டு முழுக்க வாரம் இரண்டு முறை, இரண்டாம் ஆண்டு வாரம் ஒருமுறை, மூன்றாம் ஆண்டில் கோடையில் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை. மழை மாதத் தொடக்கத்தில் நட்டால் பாதிச் சுமை குறையும். தூறலை மழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். பழைய 20 லிட்டர் கேனின் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு வைத்தால், நீர் வழிந்தோடாமல் மெதுவாக இறங்கும். சருகு மூடாக்கு மூன்று அங்குலக் கனத்துக்குப் போடலாம், ஆனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள்.

நடைபாதையைச் செப்பனிட வருபவர்கள் தூர்வரை சிமெண்டு பூசிவிடுவதுண்டு. குறைந்தது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மண்ணைத் திறந்து விடச் சொல்லி, வேலை நடக்கும் அன்று யாராவது கூடவே நில்லுங்கள்.

எத்தனை கவனமாக இருந்தாலும் சில கன்றுகள் போகும். அதற்காக ஐந்து கன்றுகளைக் கூடுதலாக யாராவது வீட்டில் வளர்த்து வைத்திருங்கள். பட்ட கன்றைப் பிடுங்கி எறிந்துவிடாமல், வேரைக் கழுவிப் பாருங்கள். கறுத்து நாற்றம் அடித்தால் நீர் தேங்கியிருக்கிறது. மண்கட்டி வடிவத்திலேயே உலர்ந்து வந்தால் நீர் போதவில்லை. தரையோடு பட்டை வளையமாக உரிந்திருந்தால் புல்வெட்டும் கருவி பட்டிருக்கிறது. வேரிலே குறை ஒன்றும் இல்லை, கிளை மட்டும் முறிந்திருக்கிறது என்றால் அந்த வாசலில் யாருக்கோ அந்த மரம் இடைஞ்சலாக இருந்திருக்கலாம். அங்கே மறுபடி குழி வெட்டுவதற்கு முன், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அதே கதவை இன்னொரு முறை தட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.