கற்பூர மரத்துக்குள் நடக்கும் கட்டு வேலை

நேயர்களுக்கு வணக்கம். ஆடிக் காற்று அடிக்கும்போது கோத்தகிரிப் பக்கம் கற்பூர மரங்கள் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். யூகலிப்டஸ் என்கிறோமே, 1843-இல் நீலகிரிக்கு வந்த அந்த ஆஸ்திரேலிய மரம்தான் அது. நூறு அடிக்கு மேல் வளர்ந்தும் முறியாமல் அதைப் பிடித்து வைத்திருப்பது எது?

தளம் போடும்போது கம்பி, கட்டுக்கம்பி, சிமென்ட் கலவை என்று மூன்று வேண்டுமல்லவா? மரத்திலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று இருக்கின்றன. மூன்றுக்குப் பின்னாலும் இருப்பவை என்சைம்கள், அதாவது நொதிகள். செல்லின் சவ்வில் பதிந்த நொதிக் கூட்டம் ஒன்று சர்க்கரையைக் கோத்து, செல்லுலோஸ் இழையாக வெளியே விட்டபடியே நகர்கிறது. ஹெமிசெல்லுலோஸ் செல்லுக்குள் தயாராகி வருகிறது. அதன் கிளைகளை நொதிகள் சீரான இடைவெளியில் வைத்தால்தான் அது இழைமேல் ஒட்டிப் படியும்.

லிக்னின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லாக்கேஸ் என்று ஒரு நொதி. அதற்குள் செம்பு அணுக்கள் உண்டு. லிக்னினுக்கான சிறு மூலக்கூறு செல்சுவருக்கு வந்ததும், லாக்கேஸ் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் சேர்க்கிறது, ஆக்சிஜன் தண்ணீராகிவிடுகிறது. பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி இதையே ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் செய்யும். அவ்வளவுதான், நொதியின் வேலை முடிந்தது! எலக்ட்ரானைப் பறிகொடுத்த மூலக்கூறு சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பதோடு தானாகவே பிணைந்துகொள்ளும். போகிற போக்கில் ஹெமிசெல்லுலோஸின் கிளையையும் பிடித்துக்கொள்ளும். இப்படித்தான் மூன்றும் ஒன்றோடொன்று இறுகுகின்றன. இன்னொரு வியப்பு: நீரைக் கடத்தும் செல் செத்த பிறகும் இந்த வேலை நிற்பதில்லை. பக்கத்தில் உயிரோடு இருக்கும் செல்கள் சரக்கை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

சரி, கட்டியது எப்படி அவிழ்கிறது? சோலைக்காட்டில் விழுந்து கிடக்கும் மட்கிய கட்டையைப் பாருங்கள். வெளுத்து, ஈரமாக, நார்நாராகப் பிரிந்தால் அங்கே காளான் லிக்னினைத் தின்றிருக்கிறது. அதனிடமும் லாக்கேஸ், பெராக்சிடேஸ் வகை நொதிகளே இருக்கின்றன. மரம் சேர்க்கப் பயன்படுத்தும் அதே எலக்ட்ரான் பறிப்பு, காளானிடம் உடைக்கப் பயன்படுகிறது. கட்டை பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறதா? அது வேறு வகைக் காளான். செல்லுலோஸைத் தின்றுவிட்டு, லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுப் போயிருக்கிறது.

நன்றி, வணக்கம்.