'கேம் ஆஃப் த்ரோன்ஸ்': புக்கையும் சீரிஸையும் எந்த வரிசையில எடுக்கணும்?

வணக்கம் மக்களே. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' உலகத்துக்குள்ள இப்பதான் நுழையறவங்களுக்கான வீடியோ இது. ஸ்பாய்லர் கிடையாது, யார் சாகுறாங்கன்னு சொல்ல மாட்டேன். நிறைய பேர் சாவாங்க, அது ஊருக்கே தெரியும்.

முதல்ல கடையில வர்ற குழப்பம். பாக்ஸ் செட்ல 7 புக் இருக்கும். நெட்ல தேடினா 5 புக்னு வரும். ரெண்டுமே சரிதான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதி வெளிவந்திருக்கிற நாவல் 5. முதல் புக் 1996ல வந்துச்சு, அஞ்சாவது 2011ல. நம்ம ஊர்ல அதிகமா கண்ணுல படுற பிரிட்டிஷ் பேப்பர்பேக்ல, தடிமன் தாங்காதுன்னு மூணாவதையும் அஞ்சாவதையும் ரெண்டு ரெண்டா வெட்டிட்டாங்க. 'ஸ்டீல் அண்ட் ஸ்னோ', 'ப்ளட் அண்ட் கோல்ட்' ரெண்டும் சேர்ந்தாதான் மூணாவது நாவல். 'ட்ரீம்ஸ் அண்ட் டஸ்ட்', 'ஆஃப்டர் த ஃபீஸ்ட்' சேர்ந்தா அஞ்சாவது. ஒவ்வொண்ணா வாங்குறவங்க அட்டையில பார்ட் 1, பார்ட் 2னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. கதை இன்னும் முடியலை, அதையும் தெரிஞ்சுக்கிட்டே இறங்குங்க.

இப்ப வரிசை. முதல் புக், அப்புறம் சீசன் 1. ரெண்டாவது புக், அப்புறம் சீசன் 2. இதுவரைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு கச்சிதமா பொருந்தும். மூணாவது புக்லதான் ஏமாறுவீங்க. அதை சீசன் 3, சீசன் 4னு ரெண்டா எடுத்திருக்காங்க. நம்ம கையில இருக்கிற புக்கும் ரெண்டு பார்ட்டா இருக்குறதால, 'ஸ்டீல் அண்ட் ஸ்னோ' முடிச்சதும் சீசன் 3 போட்டுடலாம்னு தோணும். போட்றாதீங்க. சீசன் 3, ஒன்பதாவது எபிசோட்ல ஒரு கல்யாணம் வரும். அந்தக் கல்யாணம் இருக்குறது 'ப்ளட் அண்ட் கோல்ட்'ல. முழுசா முடிச்சிட்டு டிவி பக்கம் வாங்க.

சீசன் 4ல இன்னொரு பொறி. கடைசி எபிசோட்ல ப்ரான்கிற பையன் வர்ற காட்சி அஞ்சாவது புக்லேர்ந்து எடுத்தது. பொறுமை இருந்தா 5 புக்கும் முடிச்சிட்டு சீசன் 4 பாருங்க. சீசன் 6லேர்ந்து கதை புக்கைத் தாண்டிப் போயிடும், அதுக்கப்புறம் வரிசைப் பிரச்சனையே இல்லை.

படிக்கும்போது என்ன ஆகும்? பெரும்பாலான அத்தியாயங்களுக்குத் தலைப்பு ஒரு ஆளோட பெயர்தான். அந்த ஆளுக்குத் தெரிஞ்சது மட்டும்தான் நமக்கும் தெரியும். முன்னுரை அத்தியாயத்தை விட்டுட்டா முதல் புக்ல இப்படி 8 பேர். பத்து அத்தியாயம் போறதுக்குள்ள பெயரெல்லாம் தலையைச் சுத்தும், பயப்படாதீங்க. புக்குக்குப் பின்னாடி வம்சாவளிப் பட்டியல் இருக்கு, ஒரு விரலை அங்கேயே வச்சுக்கோங்க. ஆனா அடுத்த புக்கோட பட்டியலை மட்டும் புரட்டிடாதீங்க. அந்த புக் தொடங்கும்போது யார் உயிரோட இருக்காங்கன்னு அதுல போட்டிருக்கும். ஆள் பெயரை கூகுள்ல அடிக்கிறதும் அதே கதைதான், பாதி அடிக்கும்போதே அது சாவைச் சொல்லிடும்.

சில பெயர் சீரிஸ்ல மாறும். புக்ல வர்ற ஆஷாதான் டிவியில யாரா. கதையில ஓஷான்னு ஏற்கெனவே இன்னொரு பாத்திரம் இருக்கு, காதுல குழம்பும். ராபர்ட் ஆரின்கிற சின்னப் பையன் ராபின் ஆனதும் ராஜா ராபர்ட்டால. வயசையும் ஏத்தியிருக்காங்க. புக்ல டெனேரிஸுக்கு 13, ஜானுக்கு 14தான். அப்படியிருந்தும் சீரிஸ் முழுக்க முழுக்க பெரியவங்களுக்கு. ஹால்ல எல்லாரும் இருக்கும்போது போட்டுட்டு ரிமோட்டைத் தேடாதீங்க.

புக்கை ஏன் முன்னாடி படிக்கச் சொல்றேன்னா, ஒரு சங்கிலிக்காக. ரெண்டாவது புக்ல டிரியன்கிற பாத்திரம் தலைநகரத்துக் கொல்லர்களைக் கூப்பிட்டு, மூணு கண்ணி உள்ள ராட்சசச் சங்கிலியைக் காட்டி, இதே மாதிரி ஆயிரம் கண்ணி வேணும்பான். எதுக்குன்னு சொல்ல மாட்டான். பல நூறு பக்கத்துக்கு அங்கங்க அந்தச் சங்கிலி தலைகாட்டிட்டே இருக்கும். பதில் வர்றது நதிச் சண்டையில, அதுவும் எதிரிக் கப்பல்ல நிக்கிற ஒருத்தன் கண்ணு வழியா. சீரிஸ்ல அந்தச் சங்கிலியே கிடையாது. இத்தனைக்கும் அந்தச் சண்டை வர்ற எபிசோடுக்குத் திரைக்கதை எழுதினது மார்ட்டினேதான். எபிசோட் பிரமாதம். ஆனா சங்கிலி சங்கிலிதான்.

நாலாவதும் அஞ்சாவதும் பெரும்பாலும் ஒரே காலத்துல நடக்குற கதை, இடம் வாரியா பிரிச்சு எழுதியிருக்கார். ரெண்டையும் அத்தியாயம் மாத்தி மாத்திக் கலந்து படிக்கிறதுக்கு ரசிகர்கள் பட்டியலே போட்டு வச்சிருக்காங்க. முதல் தடவை படிக்கிறவங்களுக்கு அது வேண்டாம். ஜானும் அவனோட நண்பன் சாமும் பேசுற ஒரு காட்சி ரெண்டு புக்லயும் வரும், நாலாவதுல சாம் பக்கத்துலேர்ந்து, அஞ்சாவதுல ஜான் பக்கத்துலேர்ந்து. கில்லிங்கிற பொண்ணு கப்பல்ல ஏன் ஓயாம அழுதுக்கிட்டே இருக்கான்னு நாலாவதுல சாமோட சேர்ந்து நாமளும் முழிக்கணும். அஞ்சாவது முதல்ல கைக்கு வந்தா அந்த முடிச்சு உடனே அவிழ்ந்துடும்.

இந்தக் கதைக்கு முந்தின காலத்தைச் சொல்ற 'ஹவுஸ் ஆஃப் த ட்ராகன்' சீரிஸைப் பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு 2018ல வந்த 'ஃபயர் அண்ட் ப்ளட்' இருக்கு. அது நாவல் மாதிரி ஓடாது, ஒரு அறிஞர் எழுதின வரலாற்று நூல் மாதிரி எழுதியிருக்கு. ஒரே சம்பவத்தை மதகுரு ஒரு விதமா சொல்வார், அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் அசிங்கமா வேற விதமா சொல்வான். எதை நம்புறதுங்கிறது உங்க பாடு. எனக்கு மஷ்ரூம் சொல்றதைப் படிக்கத்தான் ஜாலி.