கிழிசல் தெரியட்டும்

(கோத்தகிரியில் தையல் வகுப்பு முடித்த பெண்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கம்பளி உடையைப் பற்றிப் பேச இந்த மலையை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பின்னல் ஊசி செய்கிற தொழிற்சாலை நமக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கிறது. 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ். உங்களில் பலர் கையில் இருக்கிற போனி ஊசி அவர்களுடையதுதான். சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆடு என்று தனி இனமே உண்டு; கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளோடு டாஸ்மேனியாவின் மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களைச் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. ஊசி இருக்கிறது, ஆடு இருக்கிறது, ஜனவரியில் புல்லெல்லாம் வெளுக்கிற உறைபனியும் இருக்கிறது. ஆனால் முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டால், வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது என்கிறீர்கள். அந்த ஸ்வெட்டருக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 8-ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர். அதில் நடுத்தரமான உல்லன் நூலைப் பின்னினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 22 கண்ணி, அதாவது 22 வளையம் வரும். அதே அளவு உயரத்துக்கு 30 வரிசை. 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 660 கண்ணி. பெரியவர்கள் போடும் ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் 50-க்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 20,000 கண்ணி! முன்பக்கமும் இரண்டு கைகளும் இன்னும் பாக்கி. அத்தனை கண்ணியும் ஒருத்தியின் விரல் வழியாகப் போனவை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தால் போனது சுமார் 25 கண்ணி. அந்த 25-க்காக மீதி அத்தனையையும் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெய்த துணியில் பாவு நூல், ஊடு நூல் என்று இரண்டு இருக்கும். பின்னலில் பெரும்பாலும் ஒரே நூல்தான் வளைந்து வளைந்து, முந்தைய வரிசையின் வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. வளையத்துக்கு நீள இடம் இருப்பதால்தான் ஸ்வெட்டர் நம் உடம்போடு சேர்ந்து அசைகிறது. திருப்பூர் பனியனும் இதே அமைப்புதான், மெஷின் பின்னுகிறது, அவ்வளவே. ஆனால் ஒரு வளையம் அறுந்தால் அதற்கு நேர் கீழே இருப்பவையும் பிடி விட்டு, ஏணிப்படி போல இறங்கிக்கொண்டே போகும். இன்றைக்குக் கவனித்தால் கால் மணி நேர வேலை. அடுத்த மாதம் என்றால் அரை நாள்.

சரி, தைக்கலாம். தெரியாமல் தைப்பதா, தெரியும்படி தைப்பதா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நம் ஊரில் ஒட்டுப் போட்ட உடை என்றால் வறுமை. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்தத் தேயிலை மலைகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஒட்டுப் போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க் கேலிக்கு ஆளானவர்களிடம், கிழிசல் அழகு என்று நான் எப்படிச் சொல்வேன்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றுதான் நம் வீடுகளில் சொன்னார்கள். கந்தையை ஊருக்குக் காட்டு என்று யாரும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் ஒட்டுப் போட்டவர்களின் வலி உண்மையானது. அதை மறந்துவிட்டு இந்தக் கலையைப் பேசுவது தவறு.

அதே நேரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட காந்தா, வட ஜப்பானில் நீலச் சாயத் துணியில் ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்ட உழவர் உடைகள், இவையெல்லாம் இல்லாமையில் பிறந்தவை. இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகின்றன. தைத்த பெண்களின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கிழிசலை மறைத்துத் தைப்பதில் கொடுமையான ஒரு விஷயம் உண்டு: கை எவ்வளவு தேர்ந்ததோ, அவ்வளவுக்கு அந்தக் கைக்குரியவள் காணாமல் போகிறாள். அம்மா தைத்தாள் என்பதே தெரியாத அளவுக்கு நன்றாகத் தைத்தாள் என்று புகழ்கிறோமே, அந்தப் புகழ்ச்சி எனக்கு உறுத்துகிறது. தைத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று துணி சொல்லட்டும்.

நம் மலையிலேயே இதற்குப் பெரிய பள்ளி இருக்கிறது. தோடர் பெண்களின் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, பூத்துக்குளி என்கிற அவர்களுடைய போர்வையில் போடும் வேலையைப் பார்த்திருப்பீர்கள். துணியில் பென்சிலால் வரைந்துகொள்வது கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி நகர்கிறது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வெளியே காட்டலாம், அப்படிப்பட்ட சுத்தம். ஒரு வேண்டுகோள்: அவர்களுடைய வடிவங்களை எடுத்து உங்கள் ஸ்வெட்டரில் போடாதீர்கள். அவை அவர்களுக்குச் சொந்தம். எண்ணுகிற பொறுமையையும், பின்பக்கத்துக்குக் கொடுக்கிற மரியாதையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பின்னும்போது எல்லாம் நம் இஷ்டம். கிழிந்ததைத் தைக்கும்போது பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஓட்டை எங்கே என்பதைத் தேயிலைச் செடியின் குச்சியோ, பூச்சியோ, சமையலறை ஆணியோ தீர்மானித்துவிட்டது. நிறம் எது, வட்டமா கட்டமா, பக்கத்தில் நைந்துபோன இடத்தையும் சேர்த்துக்கொள்வதா என்பது நம் கையில். இந்த நெருக்கடிக்குள் அழகு செய்வது புதிதாகப் பின்னுவதை விடக் கடினமான படைப்பு என்றே நினைக்கிறேன். கருநீல ஸ்வெட்டரின் முழங்கையில் மஞ்சள் கட்டம் ஒன்று வந்ததும் மொத்த உடையும் வேறு உடையாகிவிடும். அவசரப்பட்டால் இது வராது. ஒரு வரிசை முடித்து நூலைத் திருப்பும்போது, அடுத்து என்ன என்று யோசிக்க மூச்சளவு நேரம் கிடைக்கிறது பாருங்கள், நிறமும் வடிவமும் அங்கேதான் பிறக்கின்றன.

செய்முறைக்கு வருகிறேன். துணிக்கு அடியில் வைக்க வழவழப்பான தேங்காய்ச் சிரட்டை போதும், வெளிப்பக்கம் மேலே இருக்கட்டும். மொட்டை முனை ஊசி எடுங்கள். கூர்முனை நூலையே பிளந்துவிடும். ஓட்டையின் விளிம்பில் தொடங்காதீர்கள். ஒரு சென்டிமீட்டராவது தள்ளி, கெட்டியாக இருக்கிற இடத்தில் தொடங்குங்கள். முதலில் நெடுக்கு நூல்கள். அறுந்து நிற்கிற ஒவ்வொரு வளையத்தையும் ஊசியால் பிடித்துக்கொண்டே போக வேண்டும்; ஒன்று தப்பினாலும் அங்கிருந்து மறுபடி இறங்கும். திரும்பும் இடத்தில் சின்ன வளையம் விட்டு வையுங்கள், துவைத்தால் நூல் சுருங்க இடம் வேண்டும். அப்புறம் குறுக்கு நூல், ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. இழுத்துப் பிடிக்காதீர்கள். ஓட்டை விழாமல் நைந்து மட்டும் போயிருந்தால் இன்னும் சுலபம்: இருக்கிற கண்ணியின் வழியிலேயே வேறு நிற நூலை ஓட்டினால், பழைய கண்ணிக்கு மேலே புதுக் கண்ணி உட்கார்ந்துகொள்ளும்.

எந்த நூல் என்பது முக்கியம். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்தாலும் நனைந்த உணர்வு தராது, நம் மூடுபனிக்கு அது பெரிய வசதி. ஆனால் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் அப்படிச் சுருங்காது. இரண்டையும் கலந்து தைத்தால், ஒன்று இழுக்க ஒன்று அப்படியே நிற்க, இடம் கூம்பிப்போகும். அதனால் கம்பளிக்குக் கம்பளி, அக்ரிலிக்குக்கு அக்ரிலிக்.

லேபிள் போய்விட்ட ஸ்வெட்டர்தான் அதிகம் வந்திருக்கிறது, பார்த்தேன். உள்பக்கத்திலிருந்து விரல்நீள நூல் ஒன்றை வெட்டி எடுத்து, இடுக்கியில் பிடித்து, இங்கே தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்ப்போம். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள். யாருடைய ஸ்வெட்டர் முதலில்?