எஸ்.ஆர்.சங்கரன்: கலெக்டர் கனவில் இருப்பவர்களுக்காக ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள். கலெக்டர் என்றதும் சைரன் வைத்த கார், வாசலில் டவாலி, அதிரடி ரெய்டு ரீல்ஸ், இவைதான் மனசில் ஓடும். அப்படி எந்த சீனும் போடாத ஒரு ஐஏஎஸ் அதிகாரியைப் பற்றி இன்றைக்குப் பேசலாம். எஸ்.ஆர்.சங்கரன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர், வேலை பார்த்தது ஆந்திர கேடரில், அதாவது ஆந்திராவுக்கு ஒதுக்கப்பட்ட ஐஏஎஸ் அதிகாரியாக. நம் ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்களே குறைவு. அந்தப் பக்கம் போனால் ‘மக்கள் ஐஏஎஸ்’ என்பார்கள்.

புதுச் சட்டம், புதுத் திட்டம் என்று அவர் காத்திருக்கவில்லை. இருக்கிற சட்டத்தையே வரி விடாமல் நம்பினார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976. அதன் 15-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். ‘இது கொத்தடிமைக் கடன்’ என்று ஒரு கூலியாள் சொல்லிவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். ஆனால் தாலுகா ஆபீஸில் நடப்பது என்ன? ‘எவ்வளவு வாங்கினாய், சீட்டு இருக்கா, யார் சாட்சி?’ எல்லாக் கேள்வியும் நின்றுகொண்டிருக்கிற கூலியாளிடம்தான். கடன் கொடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சட்டம் அந்த அறையிலேயே செத்துப்போகும். சங்கரன் கிராமங்களுக்குப் போய், கொத்தடிமைகளிடமே நேரில் பேசினார்: உன் கடன் சட்டப்படி ரத்து, நீ திருப்பித் தர வேண்டியதில்லை. அரசுச் செயலாளர் ஒருவர் வாயிலிருந்து இது வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. ஆந்திர முதலமைச்சருக்கும் பிடிக்கவில்லை. இவர் சண்டைக்குப் போகாமல் விடுப்பில் போனார். அப்போது திரிபுரா முதலமைச்சர் நிருபேன் சக்ரவர்த்தி அவரை அழைத்துத் தலைமைச் செயலாளராக வைத்துக்கொண்டார். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள், சொத்து சேர்க்காதவர்கள். சங்கரனின் சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. எளிமை எளிமை என்று இதைக் கொண்டாடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எளிமையாக இருந்துகொண்டே ஒரு ஃபைலையும் நகர்த்தாத அதிகாரிகளும் உண்டு. இவர் விஷயத்தில் அதற்கு ஒரு பயன் இருந்தது: டிரான்ஸ்பர் என்று மிரட்டினால், பள்ளிக்கூடம் மாற்ற வேண்டிய பிள்ளைகள் வீட்டில் இல்லை.

அப்புறம் 1987 டிசம்பர். மறுபடியும் ஆந்திரா. கிழக்கு கோதாவரி மாவட்டம், குர்த்தேடு. பழங்குடி மக்கள் பகுதிக்குப் போயிருந்த சங்கரனையும் மற்ற அதிகாரிகளையும் மக்கள் யுத்தக் குழு நக்சலைட்டுகள் கடத்திப்போனார்கள். சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விடுவித்த பிறகுதான் இவர்களை விட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1997-இல், அரசுக்கும் அதே இயக்கத்துக்கும் நடுவில் நின்று பேச ஒரு குடிமக்கள் குழுவை முன்னின்று அமைத்தவரும் இவர்தான். அதிலிருந்து நகர்ந்து நகர்ந்து 2004-இல் இரண்டு தரப்பும் ஹைதராபாத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தன. பேச்சு நிலைக்கவில்லை. ஆனால் உட்கார வைத்ததே பெரிய வேலை.

மத்திய ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளராக 1992-இல் ஓய்வு. 2005-இல் பத்ம பூஷண் அறிவித்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். கடைசிக் காலம் முழுக்க, சமூகச் செயல்பாட்டாளர் பெஜவாடா வில்சனோடு சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வேலை, அதாவது கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் இயக்கத்தின் வேலை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லையே என்று அரசுகள் கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த இயக்கத்தினர் வழக்குப் போட்டு, உலர் கழிப்பிடங்களின் (தண்ணீர் ஊற்றிக் கழுவ வழியில்லாத, கையால் அள்ள வேண்டிய கழிப்பிடங்கள்) படத்தோடும் விவரத்தோடும் போனார்கள். மறுபடியும் அதே கதைதான், சட்டம் இருக்கிறது, நம்புகிற ஆள் இல்லை.

சங்கரன் 2010-இல் இறந்தார். அந்த இயக்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014 மார்ச்சில். சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று சொன்ன தீர்ப்பு அது. அதை அடுத்த வீடியோவில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.