நடுவில் ஒரு ஆளை மாற்றினால் பழைய கேம் பறக்கும்!

[திரையில்: ஜிடிஏ 4, பாலத்தில் கார். இரண்டு பாதியாகப் பிரித்த காட்சி]

ஒரே லேப்டாப். ஒரே கேம். ஒரே செட்டிங். இடது பக்கம் பாலத்தில் ஏறியதும் கார் விக்கி விக்கிப் போகிறது. வலது பக்கம் அதே கார் வழுக்கிக்கொண்டு போகிறது. வித்தியாசம் ஒரே ஒரு ஃபைல்தான். ஒரு சென் செலவில்லை.

வணக்கம் மக்களே! பட்டர்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு டிஎக்ஸ்விகே என்ற குட்டி சாஃப்ட்வேர்.

கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அந்தக் காலத்து கேம்களில் பெரும்பாலானவை கிராஃபிக்ஸ் கார்டிடம் பேசுவது டைரக்ட்எக்ஸ் 9 என்ற பாஷையில். அது 2002ல் வந்தது. 2016ல் வல்கன் என்ற புதுப் பாஷை வந்தது. நியர்: ஆட்டோமேட்டா என்ற விண்டோஸ் கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் பிலிப் ரெபோலே என்பவர் எழுத ஆரம்பித்த, டைரக்ட்எக்ஸ் பாஷையை வல்கனுக்கு மாற்றும் மொழிபெயர்ப்பாளர்தான் இந்த டிஎக்ஸ்விகே. 2018ல், ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் தன் புரோட்டானில் அதைச் சேர்த்தது. கதை அவ்வளவுதான்.

சரி, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தால் வேகம் குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடுகிறது?

[திரையில்: நாசி கண்டார் கடை வரிசை]

மத்தியானம் ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் கடைக்குப் போங்கள். முன்னால் நிற்கும் அங்கிள் ஹொக்கியன் சீனத்தில் கேட்பார். பின்னால் ஒரு மக்சிக் மலாயில் கேட்பார். நீங்கள், "அண்ணே, கோழி போட்டு குவா பஞ்சிர்" என்பீர்கள். கரண்டி பிடித்த அண்ணன் மூன்றையும் காதில் வாங்கிக்கொண்டு, கை சோறு அள்ளிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஒரே குரல் கொடுப்பார்: "மூணு முட்டை, ரெண்டு பொங்குஸ்!" சமையல்கட்டுக்கு ஹொக்கியன் தெரிய வேண்டியதே இல்லை.

இப்போது அந்த அண்ணன் லீவு. ஹொக்கியன் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் நிற்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஓடுகிறார், கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். அடுப்பு சும்மா எரிகிறது, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. பல பழைய கேம்கள் திக்குவது இப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், சிபியுவில் ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கேமுக்கும் கார்டுக்கும் நடுவில் எப்போதுமே ஒரு ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார்: டிரைவருக்குள் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) இருக்கும் டைரக்ட்எக்ஸ் 9 பகுதி. நாம் புதிதாக யாரையும் நுழைக்கவில்லை, அவருடைய இடத்தில் கெட்டிக்கார அண்ணனை நிறுத்துகிறோம். டிஎக்ஸ்விகே கேமின் உத்தரவுகளை வாங்கிக் கோத்து, இன்னொரு திரெட்டில் (சிபியு பக்கத்திலேயே தனியாக ஓடும் வேலை வரிசை) வைத்து வல்கனுக்கு அனுப்புகிறது. வல்கன் டிரைவர் மெலிசானது, சுமை குறைவு.

இன்டெல்லே இந்த வழிக்கு வந்தது தெரியுமா? 1972லிருந்து நம்ம பினாங்கில் ஆலை வைத்திருக்கும் அதே இன்டெல். 2022ல் அவர்களுடைய ஆர்க் கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 கேம்களை டைரக்ட்எக்ஸ் 12க்கு மாற்றித்தான் ஓட்டின, பல கேம்கள் தடுமாறின. அப்புறம் வந்த டிரைவரில் சில கேம்களுக்கு டிஎக்ஸ்விகேவையே எடுத்துக்கொண்டார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் வேலை அது! எனக்குச் சொல்லும்போதே புல்லரிக்கிறது.

போடுவது எப்படி? கிட்ஹப் தளத்தில் டிஎக்ஸ்விகேவை இறக்கி விரியுங்கள். பழைய கேம்கள் அநேகமாக 32 பிட், அதனால் எக்ஸ்32 ஃபோல்டரில் இருக்கும் டி3டி9.டிஎல்எல் ஃபைலை, கேமின் இஎக்ஸ்இ இருக்கும் இடத்தில் போடுங்கள். விண்டோஸ் முதலில் அங்கேதான் தேடும். கேமைத் திறந்து மூடிப் பாருங்கள். பக்கத்தில் புதிதாக ஒரு லாக் ஃபைல் முளைத்திருந்தால் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். பிடிக்கவில்லையா, அந்த டிஎல்எல்லை அழித்துவிடுங்கள், பழையபடி ஆகிவிடும்.

ஆன்லைன் கேம்களில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். கள்ள ஆட்டத்தைப் பிடிக்கும் ஆன்டி சீட் சாஃப்ட்வேர் உங்களை மோசடிக்காரர் என்று நினைத்து அக்கவுண்ட்டை முடக்கலாம். டிஎக்ஸ்விகே 2.0 முதலான பதிப்புகளுக்கு வல்கன் 1.3 வேண்டும், பழைய கார்டு என்றால் 1.10.3ஐ முயலுங்கள். என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு பல கேம்களில் வித்தியாசமே தெரியாது, சிலவற்றில் வேகம் குறையவும் செய்யும்.

உங்கள் கார்டு எது, எந்த கேமில் போட்டீர்கள், திக்கல் நின்றதா? கீழே எழுதுங்கள். ஓடாத கேம்களையும் சேர்த்தே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.