போத்தல் இல்லாத நன்றி

வணக்கம் நேயர்களே. குடியை நிறுத்தி இரண்டு மூன்று கிழமை ஆனவர்களையும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும் மனதில் வைத்து, நன்றி எழுதும் பயிற்சியைப் பற்றி இன்று பேசுகிறேன். நேற்றுத்தான் நிறுத்தியவருக்கும், நாளைக்கு நிறுத்தலாம் என்று இருப்பவருக்கும் முதலில் ஒரு விடயம். நாளாந்தம் நிறையக் குடித்து வந்தவர் வீட்டில் இருந்தபடி திடீரென்று நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணித்தியாலத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாத ஆட்களைக் கண்டு கதைக்கத் தொடங்கினால் அது உயிராபத்து. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த நாட்களில் தேவை மருந்தும் தயமின் விற்றமினும்தான். நன்றியைப் பற்றி அப்போது கதைத்து வேலையில்லை.

உடம்பு தெளிந்த பிறகு வேறொரு தொல்லை வரும். சோறு ருசிக்காது. பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினாலும் மனம் அசையாது. வருடக்கணக்காகச் சாராயமோ ஹெரோயினோ ஐஸோ மூளையில் இன்பத்தை உணரும் பகுதியை மழுங்கடித்திருக்கிறது. அது தேற சிலருக்குக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். "விட்டும் என்னத்தைக் கண்டன்?" என்ற கேள்வி எழும்புவது இந்த நேரத்தில்தான். தவறணைக்குத் திரும்பிப் போகிற கால் அநேகமாக இந்தக் கேள்வியோடுதான் போகிறது.

நன்றிப் பயிற்சி இந்த இடத்துக்கு உரிய மருந்து. மனம் உருக வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு நடந்த நல்லதைப் பார்த்தபடி எழுதினால் போதும், உணர்ச்சி பிந்தி வந்தால் வரட்டும். அமெரிக்காவில் குடிக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 23 பேருடன் ஏமி கிரென்ட்ஸ்மன் என்ற ஆய்வாளர் இதை 14 நாள் நடத்திப் பார்த்து 2015இல் எழுதினார். சின்ன ஆய்வுதான். எழுதியவர்களுக்கு உற்சாகம் பொங்கவில்லை. மனக்கசப்புக் குறைந்தது, அமைதி கூடியது. எங்களுக்கும் அவ்வளவு கிடைத்தால் தாராளம்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். 40 பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் எடுங்கள். போனில் எழுத வேண்டாம், பழைய கூட்டாளிகளின் அழைப்பும் அதே போனில்தான் வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். அன்றைக்கு நடந்த மூன்று விடயம். ஒவ்வொன்றுக்குக் கீழும் இரண்டு வரி: இது ஏன் நடந்தது, இதில் என் பங்கு என்ன. இந்த இரண்டு வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பலன் இருப்பதும் அவற்றில்தான்.

"குடும்பத்துக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி, உடல்நலத்துக்கு நன்றி" என்று எழுதினால் மூன்றாம் நாள் கொப்பி மூலையில் கிடக்கும். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் இப்படி எழுதலாம்: "பின்னேரம் அஞ்சு மணிக்கு வேலை விட்டது. மேசன் அண்ணை கடையடியிலை நிப்பாட்டாமல் நேரை எங்கடை ஒழுங்கை முடக்கிலை கொண்டுவந்து இறக்கினவர். ஏன்? நான் விட்டிட்டன் எண்டு அவருக்குத் தெரியும். என்ரை பங்கு: மற்றப் பெடியளோடை நிக்காமல் அவற்றை மோட்டசைக்கிளிலை ஏறினது." இதில் நேரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, தான் எடுத்த முடிவும் இருக்கிறது. எழுத வராதவர் இதையே வாய்விட்டுச் சொல்லலாம்.

எழுதியதை வாசிக்க ஒரு நேரம் வையுங்கள். வேலை முடிந்து பின்னேரம் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் பலருக்கு ஆசை கிளம்பும். அப்போது முதலில் வயிற்றைப் பாருங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு நாலும் குடியாசைபோல வேடம் போட்டு வரும். ஒரு தேத்தண்ணியும் நாலு பிஸ்கற்றும் எடுத்துக்கொண்டு முதல்நாள் பக்கத்தை வாசியுங்கள். ஆசையின் உச்சம் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணித்தியாலத்தைக் கடக்கத்தான் கொப்பி.

14 நாள் நாளாந்தம் எழுதியபின் குறைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் லுபொமிர்ஸ்கி என்ற உளவியலாளரும் மற்றவர்களும் மாணவர்களிடம் 6 கிழமை செய்த ஆய்வில், கிழமைக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்றுமுறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. பழகிப்போனால் கை எழுதும், மனம் அங்கே இராது. ஆகவே பிறகு ஞாயிறு இரவு மட்டும் போதும், ஆசை கடுமையாக வந்த நாள் இருந்தால் அன்றைக்கும்.

எங்கே பிழைக்கிறது? "அவனைப்போல எனக்கு ஈரல் பழுதாகேல்லை, கடவுளே நன்றி" என்று எழுதுகிறார்கள். ஒப்பிட்டுத் தேற்றிக்கொள்கிற இந்த எழுத்து, "அப்ப நான் அவ்வளவு மோசமில்லை" என்பதில் போய் நிற்கும். அங்கிருந்து ஒரு கிளாஸுக்கு எவ்வளவு தூரம்? இன்னமும் குடித்துக்கொண்டே நன்றி எழுதுவதும் அப்படித்தான். 2017இல் வந்த கிரென்ட்ஸ்மனின் இன்னொரு ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகு நிறுத்தியிருந்தவர்களுக்கு நன்றியுணர்வு தொடர்ந்து நிறுத்தியிருக்கக் கைகொடுத்தது. அடிக்கடி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் நேர்மாறு. இருக்கிறபடியே இருக்கட்டும் என்ற திருப்தியையும் நன்றி கொடுத்துவிடும். முதலில் நிறுத்த வேண்டும், கொப்பி அதற்குப் பிறகு.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கு உரியது. யுத்தத்தில் ஆட்களை இழந்து, காணாமல் போனவரைத் தேடி அலைந்து, நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "இருக்கிறதை நினைச்சுச் சந்தோசப்படு" என்று சொல்லாதீர்கள். அந்தத் துக்கத்துக்கும் கெட்ட கனவுகளுக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நன்றிக் கொப்பி அந்த வேலையைச் செய்யாது.

இனி வீட்டாருக்கு. கொப்பியை எடுத்து வாசிக்காதீர்கள், "என்ரை பேரை எழுதினனியோ?" என்று கேட்கவும் வேண்டாம். "வளர்த்துவிட்டதுக்கு ஒரு நன்றி இருக்கோ?" என்ற பேச்சு குற்றவுணர்ச்சியைத்தான் கிளறும், குற்றவுணர்ச்சிக்கு அவர் அறிந்த மருந்து ஒன்றே ஒன்று. அதற்குப் பதிலாக நீங்கள் அவருக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். "இஞ்சாருங்கோ, சம்பளத்தை அப்பிடியே கொண்டந்து தந்தது பெரிய உதவி." அந்த வசனம் அந்த இடத்தில் நிற்க வேண்டும். "இதை முந்தியே செய்திருந்தால்" என்று ஒரு வால் ஒட்டினால் சொன்னது முழுக்க வீண்.

கைகொடுத்தவர்களிடம் நேரில் போய் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டலாம். ஒரு பயணத்தில் ஒரு வேலைதான். நன்றி சொல்லப் போய் மன்னிப்புக் கேட்டு, மன்னிப்புக் கேட்கப் போய்க் கைமாற்றுக் கேட்டு வந்தால், அடுத்த முறை கண்டதும் அவர் படலையைச் சாத்துவார்.

ஊரில் நன்றி சொல்வதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது, தெரியும்தானே. கிணறு இறைத்தவருக்கு, வேலி அடைத்தவருக்கு, கலியாண வீட்டில் ஓடித்திரிந்தவருக்கு ஒரு போத்தல். குடியை விட்டவர் போத்தல் வாங்கிக் கொடுக்கவும் கூடாது, அந்தக் கடையடிக்குப் போவதே ஆபத்து. ஒரு சீப்பு இதரைப்பழம், பிள்ளைகளுக்குக் கொப்பிகள், அவர் வேலி அடைக்கும் நாளில் போய்க் கூட நிற்பது என்று வழி எத்தனையோ இருக்கிறது. உங்களுக்கு யாராவது போத்தல் நீட்டினால் நீண்ட விளக்கம் வேண்டாம். "அண்ணை, நான் மருந்து எடுக்கிறன். ஒரு சோடா தாங்கோ" போதும். வாங்கி மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், வீடு போய்ச் சேருமட்டும் அது உங்கள் கையில்தான் இருக்கும்.

ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால்? அன்றிரவு கொப்பியைத் திறக்க வேண்டாம், வெறியில் எழுதும் நன்றிக்கு விடிய அர்த்தம் இராது. ஹெரோயின் பாவித்தவர்கள் இதைக் கேளுங்கள்: சில கிழமை விட்டிருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முந்தி எடுத்த அதே அளவு மூச்சை நிறுத்திவிடும். அந்த இரவில் தனியே இராமல் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். விடிந்ததும் கிளினிக்குக்குப் போங்கள், போக வழியில்லாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். கொப்பியில் அடுத்த பக்கத்தின் முதல் வரியாக, நடந்ததை முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். விட்டிருக்கிற நாட்களின் எண்ணிக்கை திரும்ப ஒன்றில் தொடங்கட்டும், கொப்பி அதே கொப்பியாக இருக்கலாம்.